மூட்டு வலிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு?



சென்ற இதழில் கைக்குழந்தைகளின் சளியைப் பற்றி எழுதியதற்குப் பாராட்டியும் திட்டியும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. (கற்பூரவல்லியை எப்படி விடலாம் என்று பாட்டிமார்களுக்குக் கோபம்!) அவர்களுக்கெல்லாம் பிறகு பதில் சொல்கிறேன். இன்று ஒரே ஒரு கடிதம்தான்.

எழுதியவருக்கு 27 வயது. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. போன வருஷம் கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி, வெயிலில் போய் வந்தால் கன்னம் இரண்டும் சிவந்து தடித்து, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்து 'லூபஸ்' என்று சொல்லிவிட்டார்களாம். மாத்திரையில் வலி குறைந்துவிட்டது. "ஆனால் அக்கா, மூன்று மாதத்துக்கொரு தரம் சிறுநீரைக் கொண்டா, கொண்டா என்கிறார் டாக்டர். எனக்கு வலி மூட்டில். தடிப்பு முகத்தில். சிறுநீர் போவதில் எரிச்சலோ கடுப்போ ஒன்றுமே கிடையாது. லாப்காரனுக்குக் காசு சேரத்தான் இதெல்லாம் என்கிறார் என் மாமியார். போன இரண்டு தடவையும் நான் கொடுக்கவில்லை. செய்தது சரிதானே?" என்று முடித்திருக்கிறார்.

சரியில்லை தங்கையே, சரியே இல்லை! இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க மனம் வராமல் தனியாகவும் பதில் போட்டுவிட்டேன். என்ன அப்படி அவசரம் என்கிறீர்களா? இதே தப்பை எங்கள் வீட்டிலேயே செய்தோம். 'செய்தோம்' என்ன, செய்தவளே நான்தான். என் அக்கா மகளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "சித்தி, எம் பேரை மட்டும் போட்டுடாதீங்க, மத்ததையெல்லாம் எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

நாலு வருஷத்துக்கு முந்தின கதை. அவளுக்கு அப்போது 25. பையனுக்கு ஒன்றரை வயது. லூபஸ் என்று தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள், அடுக்களையில் எனக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, "சித்தி, கொஞ்ச நாளா ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா வருது. தண்ணி ஊத்தினாலும் போக மாட்டேங்குது" என்றாள் குரலைத் தாழ்த்தி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உடம்புச் சூடுடி. பார்லித் தண்ணி குடி, சுரைக்காய் நிறையச் சேத்துக்கோ" என்றேன்! ஊருக்கெல்லாம் ஆரோக்கியம் சொல்கிறவள் நான். அவளும் சமர்த்தாகப் பார்லித் தண்ணீர் குடித்தாள். அந்தத் தடவை சிறுநீர்ப் பரிசோதனைக்கும் போகவில்லை. டாக்டர் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கூட்டுக் குடும்பம், ஒரே குளியலறை. மாமனார், கொழுந்தனார் எல்லாரும் புழங்குகிற இடத்தில் ஐந்து லிட்டர் கேனை எங்கே வைத்துக்கொள்வாள் பாவம்? வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போட்டுவிட்டாள்.

ஆறு வாரம் கழித்துக் காலையில் எழுந்தால் கண்ணிமை உப்பல். சாயங்காலமானால் கொலுசு அச்சு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்த அழுத்தம் 150-க்கு 100. சிறுநீரில் ஒரு நாளைக்கு 2.8 கிராம் புரதம் போய்க்கொண்டிருந்தது. போகக்கூடியது எவ்வளவு? 150 மில்லிகிராமுக்குள். அதாவது ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை!

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை. அவளுக்கு வைத்தியம் பார்க்கிற சிறுநீரக டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து, என் மரமண்டைக்குப் புரிகிறவரை கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

லூபஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். முகத்தில் வருகிற புண்ணைப் பார்த்து, ஓநாய் கடித்த மாதிரி இருக்கிறதென்று அந்தக் காலத்தில் யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கிருமியால் வருவதல்ல, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடித்து விரட்டவேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, புத்தி பேதலித்து நம் உடம்பையே அடிக்கிற வியாதி. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறுகிற வயதுப் பெண்கள். கல்யாணம், குழந்தை, குடித்தனம் என்று நிமிரக்கூட நேரமில்லாத வயதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூட்டு வலிக்கும். முகம் சிவக்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சிறுநீரகத்தை அது தொடும்போது மட்டும் சத்தமே போடாது. லூபஸ் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு சமயம் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறதாம். பெரும்பாலும் முதல் ஐந்து வருஷங்களுக்குள். குழந்தைகளுக்கு லூபஸ் வந்தால் இன்னும் அதிகம்.

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் சுருண்டு சுருண்டு உருண்டையானவை. காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். டிகாக்ஷன் இறங்கவேண்டும், பொடி மேலேயே நிற்கவேண்டும். அதுபோல் வேண்டாத உப்பும் கழிவும் கீழே இறங்கவேண்டும். ரத்த அணுவும் புரதமும் மேலேயே நின்றுவிடவேண்டும். ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் பெரும்பங்கைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே அனுப்புகிறது. நாம் ஒரு நாளைக்கு நாலு தரம் டிகாக்ஷன் போட்டாலே அலுத்துக்கொள்கிறோம்!

லூபஸ் வந்த உடம்பு, தன் சொந்த அணுக்களுக்கு எதிராகவே எதிர்ப்புப் பொருட்களைத் தயாரிக்கிறது. அவை கட்டி கட்டியாகச் சேர்ந்து இந்த வடிகட்டிகளில் போய்ப் படிகின்றன. படிந்த இடத்தில் அழற்சி. ஓட்டை பெரிதாகிறது. புரதம் ஒழுகுகிறது. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்தால் நுரை நிற்கிறதல்லவா? அதே தன்மைதான். சிறுநீரில் புரதம் சேர்ந்தால் நுரை எழும்பும், சீக்கிரம் அடங்காது.

இதைக் கிரேக்கத்து ஹிப்பாக்ரட்டீஸே 2,400 வருஷத்துக்கு முன்னால் கவனித்திருக்கிறார் என்றால் பாருங்களேன். சிறுநீரின் மேல் குமிழி நின்றால் சிறுநீரகத்தில் கோளாறு, அது நெடுநாள் நீடிக்கும் என்று குறித்துவைத்தார். அதற்கப்புறம் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் ப்ரைட் என்ற டாக்டர் ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். புரதம் இருந்தால் முட்டை வேகிற மாதிரி வெள்ளையாகத் திரியும். இப்படித் திரிவதற்கும், கால் வீங்கி இறந்துபோனவர்களின் கெட்டுப்போன சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் உண்டென்று 1827-இல் எழுதினார். என் தலைமுறைப் பெண்களுக்கு இது புதிதல்ல. முதல் பிரசவத்துக்கு முன் நர்ஸம்மா கண்ணாடிக் குழாயைச் ஸ்பிரிட் விளக்கில் பிடித்து, இரண்டு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டு, தூக்கிப் பார்த்து, "சரி, போம்மா" என்பார்களே, அதுதான் இது.

இப்போது விளக்கும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். பட்டையை நனைத்தால் நிறம் மாறிக் காட்டிவிடுகிறது. இந்த நனைத்துப் பார்க்கும் பட்டையை உண்டாக்கியதில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு தெரியுமா? அமெரிக்காவில் ஹெலன் ஃப்ரீ என்பவரும் அவர் கணவரும் 1956-இல் சர்க்கரைக்கு முதலில் கொண்டுவந்தார்கள். பிறகு புரதத்துக்கும் வந்தது.

ஆனால் பட்டை ஒரு காவல்காரன்தான், கணக்குப்பிள்ளை இல்லை. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு நீர்த்த சிறுநீரைக் கொடுத்தால் புரதம் குறைவாகக் காட்டும். கெட்டியாக இருந்தால் அதிகமாகக் காட்டும். நீர்த்த ரசத்தில் ஒரு கரண்டி எடுத்து, 'என்ன, பருப்பே போடவில்லையா?' என்று கேட்பது போல. அதனால்தான் 24 மணி நேரத்துச் சிறுநீரையும் சேர்க்கச் சொல்வது. அது முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நம் தசைகளிலிருந்து கிரியாட்டினின் என்ற கழிவு தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுகிறது. ஒரு வேளைச் சிறுநீரிலேயே புரதம் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து வகுத்துப் பார்த்தால், நீர்த்திருந்தாலும் கெட்டியாக இருந்தாலும் கணக்கு ஓரளவு சரியாக வந்துவிடும். புரத-கிரியாட்டினின் விகிதம் என்று பெயர். கேன் வேண்டாம், ஒளித்து வைக்கிற சங்கடம் வேண்டாம். என் அக்கா மகள் அன்றைக்கு டாக்டரிடம், "வீட்டுல கேன் வச்சுக்க வசதியில்ல மேடம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பரிசோதனையைச் செய்திருப்பார்கள். வெட்கம் எவ்வளவு விலை வைக்கிறது பாருங்கள்.

கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும். மாதவிலக்கு நாட்களில் கொடுக்காதீர்கள். ரத்தம் கலந்து குழப்பிவிடும். பிடித்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் லாபுக்குப் போய்ச் சேரவேண்டும். பள்ளிக்கூட வேன் வந்து, டிபன் டப்பா கட்டி, எல்லாம் முடிந்து பதினோரு மணிக்குக் கொண்டுபோவதில் பிரயோஜனமில்லை. 24 மணி நேரம் சேர்ப்பதானால், ஆரம்பிக்கிற நாள் காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு மணியைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு போவதையெல்லாம் சேர்த்து, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீரோடு முடிக்கவேண்டும். பலபேர் முதல் நாள் காலையதையும் சேர்த்து ஊற்றிக் கணக்கைக் கெடுத்துவிடுகிறார்கள் என்றார் டாக்டரம்மா.

"ரத்தத்தில் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதே, பிறகென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். என் அக்கா மகளுக்கும் 2.8 கிராம் புரதம் ஒழுகிய அன்று அது சரியாகத்தான் இருந்தது! சிறுநீரகம் ஏறக்குறையப் பாதி வேலையை இழந்த பிறகுதான் ரத்தத்தில் அது ஏறத் தொடங்குமாம். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்குப் போன கதைதான்.

சரி, புரதம் போகிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் போனால், சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். பயாப்ஸி. இந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா அழுதே விட்டாள். புற்றுநோய்க்குத்தான் அது என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. அப்படியில்லை. லூபஸ் சிறுநீரகத்தில் ஆறு வகுப்புகள் இருக்கின்றன. முதல் வகுப்பு லேசானது. மூன்று, நான்கு தீவிரமானவை, கடும் மருந்து வேண்டும். ஆறு என்றால் பெரும்பாலும் தழும்பாகிவிட்டது என்று பொருள். எந்த வகுப்பு என்பது ஊசியைவிட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். குப்புறப் படுக்கவைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். பிறகு ஒரு நாள் படுக்கை. சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று கவனிப்பார்கள். "டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு சித்தி, அவ்வளவுதான்" என்றாள் இவள். இவளுக்கு நான்காம் வகுப்பு.

மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி. பிறகு ஸ்டீராய்டு மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு. கூடவே மைகோஃபினோலேட். ஏற்கெனவே சாப்பிட்டுவந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை. முகம் நிலா மாதிரி வீங்கி, பையன் கல்யாணப் போட்டோவைக் காட்டி "இது யாரு?" என்று கேட்டதில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதையெல்லாம் விவரிக்க ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது.

இனிமேல்தான், இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம்.

வைத்தியம் சரியாகப் போகிறதென்றால் புரதம் மூன்று மாதத்தில் கால் பங்காவது குறையவேண்டும், ஆறு மாதத்தில் பாதியாகவேண்டும், ஒரு வருஷத்துக்குள் அரை கிராம், முக்கால் கிராம் என்ற அளவுக்குக் கீழே இறங்கவேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும். இவளுக்கு மூன்று மாதத்தில் 1.9. ஆறு மாதத்தில் 1.3. ஒரு வருஷத்தில் 0.9. அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அதோடு நின்றுவிட்டது. 0.8, 0.9, 0.8 என்று ஒன்றரை வருஷம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. இவளுக்கோ இரண்டாவது குழந்தை வேண்டுமென்று ஆசை. பையன் வேறு பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் காட்டிக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

லூபஸ் அடங்கிக் குறைந்தது ஆறு மாதமாவது ஆன பிறகுதான் கருத்தரிக்கவேண்டும். மைகோஃபினோலேட் கருவைப் பாதிக்கும், அதை ஆறு வாரமாவது முன்னதாக நிறுத்தி, கர்ப்பத்துக்கு ஒத்துவரும் வேறு மருந்துக்கு மாறவேண்டும். உள்ளே நோய் எரிந்துகொண்டிருக்கும்போது மருந்தை மாற்றினால் கிளம்பிவிடும். அடங்கிவிட்டதென்றால் மாற்றலாம். அடங்கிவிட்டதா?

"அதுதாம்மா கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. "இந்த 0.8, ஆறின தழும்பு வழியா ஒழுகுறதாகவும் இருக்கலாம், உள்ள இன்னும் அழற்சி இருக்கிறதாகவும் இருக்கலாம். ரெண்டுக்கும் புரதம் ஒரே மாதிரிதான் வரும். சில பேருக்குப் புரதம் நல்லாக் குறைஞ்ச பிறகும் பயாப்ஸியில அழற்சி தெரியுது. மறுபடி ஊசி போட்டுப் பார்க்கணும்."

அக்கா மகள் கேட்டாள், "இதைச் சொல்ற மாதிரி யூரின் டெஸ்ட் எதுவுமே கெடையாதா மேடம்?"

நல்ல கேள்வி! உலகத்தில் எத்தனையோ ஆராய்ச்சிக்கூடங்களில் இதே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

புரதம் ஒழுகுவது என்பது வடிகட்டி கிழிந்த பிறகு தெரிவது. கிழிப்பவர்கள் யார்? ரத்தத்திலிருந்து சிறுநீரகத்துக்குள் நுழையும் வெள்ளை அணுக்கள். அவர்களைக் கூப்பிட்டால்தானே வருவார்கள்? அழற்சி கிளம்பும் இடத்திலிருந்து 'வாருங்கள், வாருங்கள்' என்று கூப்பிடும் பொருள் ஒன்று உண்டு. எம்.சி.பி-1 என்று பெயர். சிறுநீரகத்துக்குள் அது சுரந்தால் சிறுநீரிலும் கொஞ்சம் இறங்கிவரும். அதை அளந்தால் சண்டை முற்றுவதற்கு முன்பே கூப்பாடு காதில் விழுந்த மாதிரி! அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லூபஸ் நோயாளிகளின் சிறுநீரைத் தொடர்ந்து சேகரித்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். சிறுநீரகத்தில் நோய் திரும்பக் கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மாதம் முன்னதாகவே எம்.சி.பி-1 ஏறத் தொடங்கியிருந்தது. நம் நாட்டிலும் லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்து டாக்டர்கள் இதே பொருளை நம் நோயாளிகளிடம் மாதக் கணக்கில் பின்தொடர்ந்து அளந்திருக்கிறார்கள்.

இரண்டு மாதம் முன்னால் தெரிந்தால் என்ன லாபம் என்று நினைக்காதீர்கள். நான் பார்லித் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஓட்டியது ஆறு வாரம்.

இன்னொன்று சி.டி.163. சிறுநீரகத்துக்குள் புகுந்து உட்கார்ந்த விழுங்கு அணுக்கள் தங்கள் மேல்தோலிலிருந்து உதிர்த்துவிடுவது. வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்பதற்கு வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி. பயாப்ஸியில் அழற்சி அதிகமிருந்தவர்களுக்குச் சிறுநீரில் இது அதிகம், அடங்கினவர்களுக்குக் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். தழும்பா, நெருப்பா என்று பிரித்துச் சொல்ல இதை மிகவும் நம்புகிறார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சந்திர மோகன் என்பவரின் குழு, ஆல்காம் என்ற வேறொரு பொருளையும் சிறுநீரில் அளந்து இதுபோலவே பயன்படும் என்கிறது. சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஹெர்மின் ப்ரூனர் என்ற டாக்டரம்மாவும் அவர் கூட்டாளிகளும், ஒன்றை மட்டும் நம்புவானேன் என்று, சிறுநீரில் ஆறு பொருட்களைச் சேர்த்து அளந்து ஒரே மதிப்பெண்ணாகக் கொடுக்கும் முறையை லூபஸ் வந்த குழந்தைகளுக்காக முதலில் உண்டாக்கினார்கள். ஐந்து வயது, பத்து வயதுக் குழந்தையைத் திரும்பத் திரும்ப ஊசிக்குப் படுக்கவைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

"அப்படின்னா எனக்கு அதைப் பண்ணிடுங்களேன்" என்று இவள் துள்ளினாள்.

டாக்டரம்மா தலையை ஆட்டினார். இவை இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு நம் தெரு லாபுக்கு வழக்கமான பரிசோதனையாக வரவில்லை. ஒரு கூடத்தில் 'அதிகம்' என்பது இன்னொரு கூடத்தில் 'பரவாயில்லை' ஆகிவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் வேண்டும். சிறுநீர்த் தாரையில் சாதாரணக் கிருமித் தொற்று இருந்தாலும் இவற்றில் சில ஏறிவிடும். இன்னும் நிறையப் பேரிடம் வருஷக்கணக்கில் பார்க்கவேண்டியிருக்கிறது. யாராவது உங்களிடம் 'லூபஸ் கிட்னிக்குப் புது டெஸ்ட், பயாப்ஸியே வேண்டாம்' என்று விளம்பரத்தைக் காட்டினால், பணத்தைக் கட்டுமுன் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆகவே, மறுபடி பயாப்ஸி. போன மாசி மாதம். நானும் கூடப் போயிருந்தேன். இந்தத் தடவை அக்கா அழவில்லை, நான்தான் அழுதேன். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. பெரும்பகுதி பழைய தழும்பு. அழற்சி இல்லவே இல்லையென்று சொல்லமுடியாது, ஆனால் மிகக் கொஞ்சம். மைகோஃபினோலேட்டை நிறுத்தி அசதயோபிரினுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடர்கிறது. கர்ப்பத்திலும் அதை நிறுத்தக்கூடாதாம். ரத்த அழுத்த மாத்திரையையும் அந்தச் சமயத்தில் மாற்றவேண்டியிருக்கும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். மாதா மாதம் சிறுநீர் கொடுக்கவேண்டும். புரதம் ஏறாமல் ஆறு மாதம் தாண்டினால் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

கடிதம் எழுதிய தங்கைக்கு இன்னும் இரண்டு வார்த்தை. நுரை என்றதும் பயந்து ஓடவும் வேண்டாம். வேகமாகப் போனாலும், கழிவறையில் ஊற்றிய பினாயிலாலும்கூட நுரைக்கும். தண்ணீர் ஊற்றியும் நிற்கிற நுரை, நாள்தோறும் வருகிற நுரை, அதைத்தான் கவனிக்கவேண்டும். அதைவிட முக்கியம், நுரையே இல்லாவிட்டாலும் சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போவது. மூட்டு வலிக்கிறதென்று கடையில் வலி மாத்திரை வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், சிறுநீரகத்துக்கு அது பகை. உங்கள் மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். லாப்காரன் காசு பார்க்கிறான் என்று அவர் சொல்வதில் கோபப்பட ஒன்றுமில்லை, அன்றைக்கு நான் சொன்ன பார்லித் தண்ணீரைவிட அது மோசமில்லை. அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள், அங்கே கேட்டுப்பாருங்கள்.

என் அக்கா மகள் அடுக்களைக் காலண்டரில் மாதத்துக்கொரு தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நான்கு வட்டத்தின் பக்கத்தில் எண் எழுதியாயிற்று. 0.8, 0.7, 0.8, 0.7. ஐந்தாவது வட்டம் வருகிற வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குள் புட்டியை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அடுத்த இதழில், கற்பூரவல்லிப் பாட்டிமார்களுக்குப் பதில்!